சவலைப் பிள்ளையும் மொட்டைமாடி நாயும்: வீட்டுப் பராமரிப்பைத் தொழிலாக்குவது பற்றி

மதுரை வில்லாபுரத்திலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். மாலையில் எட்டுப் பிள்ளைகளுக்குத் தன் வீட்டில் பாடம் சொல்லித் தருகிறார். அக்காவின் இரண்டு பிரசவத்துக்கும் கூடவே இருந்து பார்த்துக்கொண்டவர். தெருவில் யார் ஊருக்குப் போனாலும் நாயை இவரிடம்தான் விட்டுப் போகிறார்கள். இந்த மூன்றையும் சேர்த்து ஒரே தொழிலாக நடத்தலாமா, வீட்டு முன்னறையே போதுமா, எவ்வளவு வாங்குவது என்பது கேள்வி. கடைசியில் போகிற போக்கில் ஒன்று சொல்கிறார். எதிர்வீட்டு அக்காவுக்கு ஏழாம் மாதம். மூத்த பையன் இரண்டாம் வகுப்பு. வீட்டில் ஒரு சிப்பிப்பாறை நாய். குழந்தை பிறந்த பிறகு வந்து கூடமாட இருக்க முடியுமா என்று அந்த அக்கா கேட்டாராம்.

தங்கச்சி, அந்தக் கடைசி வரிதான் உங்கள் தொழில். மற்றதெல்லாம் அதிலிருந்து வரும்.

நான் பிரசவ வார்டில் 12 வருஷம் செவிலியராக இருந்தேன். அதற்கப்புறம் 16 வருஷமாக மதுரையில் வீடு வீடாகப் போய்ப் பச்சை உடம்புக்காரிகளையும் கைக்குழந்தைகளையும் பார்த்துக்கொள்கிறேன். நாய் எங்கள் வீட்டில் எப்போதும் உண்டு. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் முன்னறை விஷயம். வேண்டாம். பிறத்தியார் வீட்டு நாய் புது இடத்துக்கு வந்தால் இரண்டு மூன்று நாளைக்கு அது அதுவாக இருக்காது. சாப்பிடாது, மூலையில் படுக்கும், தொட்டால் திரும்பும். அந்த அறையில் எட்டுப் பிள்ளைகள் பையைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினால் என்ன நடக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. உண்ணி வேறு பாய்க்கும் புத்தகப் பைக்கும் ஏறும். பாடம் உங்கள் வீட்டில் நடக்கட்டும். குழந்தையை அதன் வீட்டில் போய்ப் பாருங்கள். ஊருக்குப் போகிறவர்களின் நாயையும் அதன் வீட்டிலேயே காலையும் மாலையும் போய்ப் பார்த்து, சோறு தண்ணீர் வைத்து, நடத்திவிட்டு வாருங்கள். தன் பாயும் தன் வாசனையும் இருக்கும் இடத்தில் நாய் பாதி நிம்மதியாக இருக்கும்.

சரி, மூன்றும் சேரும் இடம் எது? நம் பக்கத்தில் "சவலை" என்று ஒரு சொல் இருக்கிறது. அடுத்தது பிறந்து, தாயின் மடியும் பாலும் கைமாறிப்போன மூத்த பிள்ளை ஏங்கி இளைப்பதைச் சவலை பாய்வது என்பார்கள். இப்போது சாப்பாட்டுக்குக் குறைவில்லாத வீடுகளிலும் சவலை பாய்கிறது. பிள்ளை உடம்பால் இளைப்பதில்லை. எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டிருந்தவன் திணறுகிறான், படுக்கையை நனைக்கிறான், பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்கிறான். அதே வீட்டில் நாய் இருந்தால் அதுவும் சவலை பாயும். நேற்று வரை கூடத்தில் படுத்திருந்ததை, முடி கொட்டும் என்று மொட்டைமாடியில் கட்டிவிடுவார்கள். தாய், பிள்ளை, மூத்தவன், நாய் என்று நாலு பேரையும் ஒரே கண்ணால் பார்க்கிற ஆள் அந்த வீட்டுக்குத் தேவை. பாடம் மட்டும் தெரிந்தவராலும் பிரசவம் மட்டும் பார்ப்பவராலும் இது முடியாது. உங்களால் முடியும்.

ஆனையூரில் ஒரு வீட்டுக்கு ஒரு மாதம் போனேன். ஒரு நாள் சாயங்காலம் குழந்தையின் துணிகளை எடுக்க மாடிக்கு ஏறினால், தண்ணீர்த் தொட்டி நிழலில் மூத்தவன் உட்கார்ந்திருக்கிறான். முன்னால் தமிழ்ப் புத்தகம். ஒரு முழம் தள்ளிச் சங்கிலியில் அவர்கள் வீட்டு நாய் மணி. பையன் எழுத்துக்குக் கீழே விரலை வைத்து, "வண், ணத், துப், பூச்சி" என்று கூட்டி வாசிக்கிறான். தடுக்குகிற இடத்தில் நிறுத்தி நாயைப் பார்க்கிறான். நாயின் ஒரு காது மட்டும் அசைகிறது. மறுபடி முதலிலிருந்து வாசிக்கிறான். கீழே அப்பாவிடமும் பாட்டியிடமும் வாசிக்கச் சொன்னால் வாயே திறக்காத பிள்ளை அவன். நான் துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன்.

அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் 1999இல் இதையே ஒரு திட்டமாகத் தொடங்கினார்கள். பயிற்சி கொடுத்த நாயின் பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளைகள் சத்தமாக வாசிப்பார்கள். நாய் திருத்தாது, சிரிக்காது, அவசரப்படுத்தாது. பிறகு பல நாடுகளுக்கு அது பரவியது. அந்த வீட்டில் நான் செய்தது சின்னதுதான். தினமும் ஐந்தரை மணிக்கு நாயைக் கீழே வராண்டாவுக்குக் கொண்டுவந்து கட்டினோம். சாப்பிட்டு, நடந்து, களைத்த நாய். பையன் கைக்கு எட்டாத தூரத்தில் உட்கார்ந்து 20 நிமிஷம் வாசிப்பான். நடுவில் நான். உள்ளே பால் கொடுத்துக்கொண்டிருக்கும் அம்மாவுக்கு அவன் குரல் ஜன்னல் வழியாகக் கேட்கும். வாசித்து முடித்ததும் அவள் உள்ளேயிருந்து அன்றைய கதையில் ஒரு கேள்வி கேட்பாள். அந்தக் கேள்விக்காகவே அவன் வாசித்தான் என்று நினைக்கிறேன்.

எல்லா நாயோடும் இப்படிச் செய்யக் கூடாது. ஊசி போட்ட, பிள்ளைகளோடு பழகிய, வீட்டு நாயாக இருக்க வேண்டும். பெரியவர் ஒருவர் கட்டாயம் பக்கத்தில் இருக்க வேண்டும். நாய் எழுந்து போக விரும்பினால் போக விட வேண்டும்.

பாடம் சொல்லித்தருவதில் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒன்றே ஒன்று. 2022இல் தமிழ்நாட்டு அரசு கொண்டுவந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவர்கள் நிற்கும் படியை வைத்துப் பார்க்கிறார்கள். சவலை பாய்ந்த பிள்ளை ஒரு படி கீழே இறங்கியிருக்கும். "இது உனக்குத் தெரியுமே" என்று இழுக்காமல், இறங்கிய படியிலேயே சில வாரம் இருங்கள். ஞாயிற்றுக்கிழமை முடிந்தால் புது நத்தம் ரோட்டில் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு அவனை மட்டும் அழைத்துப் போகச் சொல்லி அப்பாவிடம் சொல்லுங்கள். 2023 ஜூலையில் திறந்தது, குழந்தைகளுக்கென்று தனிப் பகுதியே இருக்கிறது. தம்பியோ தங்கையோ இல்லாமல் அப்பா தனக்கே தனக்கென்று கிடைக்கிற அரை நாள் அவனுக்குப் பெரிய மருந்து.

இப்போது தாயும் பிள்ளையும். இங்கேதான் உங்கள் எல்லையை மிகத் தெளிவாக வைத்துக்கொள்ள வேண்டும். நீங்கள் டாக்டரும் இல்லை, செவிலியரும் இல்லை. மருந்து சொல்லக் கூடாது, கொடுக்கவும் கூடாது. கூட இருந்து, கவனித்து, சரியான நேரத்தில் "கிளம்புங்கள்" என்று சொல்வது உங்கள் வேலை. குழந்தை ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை பால் குடிக்க வேண்டும். முதல் வாரம் தாண்டினால் ஆறு தடவைக்குக் குறையாமல் சிறுநீர் போக வேண்டும். பிறந்த எடை முதல் சில நாளில் கொஞ்சம் இறங்கி, பத்து பதினாலு நாளில் திரும்பி வரும். ஒரு நோட்டில் இதைக் குறித்து வையுங்கள். ராத்திரி மூன்று மணிக்குப் பயந்துபோன தாய்க்கு அந்த நோட்டு பெரிய தைரியம். பால் குடிக்க மறுத்தால், உடம்பு சுட்டாலோ சில்லிட்டாலோ, நிமிஷத்துக்கு 60 தடவைக்கு மேல் மூச்சு வாங்கினால், மஞ்சள் உள்ளங்கை உள்ளங்கால் வரை இறங்கினால் வெயிலில் காட்டிக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தாய்க்கு ஒரு மணி நேரத்தில் ஒரு பேடு முழுக்க நனைந்தாலும், காய்ச்சல் வந்தாலும், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலும், தலைவலியோடு கண் மங்கினாலும் அப்படித்தான். 108ஐ மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். அரசு ஆஸ்பத்திரியில் பிரசவமானவர்களை வீட்டில் கொண்டுவிட 102 தாய் சேய் ஊர்தி இருக்கிறது.

மனசும் உடம்புதான். பெற்ற சில நாளில் அழுகை வருவது சகஜம். இரண்டு வாரம் தாண்டியும் அழுதுகொண்டே இருந்தால், பிள்ளையைத் தூக்கப் பிடிக்கவில்லை என்றால், தூக்கமே வராமல் கிடந்தால், "பால் கட்டியிருக்கும், சரியாப் போகும்" என்று விடாதீர்கள். டாக்டரிடம் சொல்லுங்கள். அரசின் மனநல உதவிக்கான 14416 டெலிமானஸ் எண்ணுக்கு எந்த நேரத்திலும் கூப்பிட்டுத் தமிழிலேயே பேசலாம்.

வீட்டுப் பெரியவர்களோடு எப்படிப் போவது என்பது உங்களுக்கு மிகக் கஷ்டமாக இருக்கும் இடம். நான் பழக்கங்களை இரண்டாகப் பிரித்துக்கொண்டேன். பூண்டுக் குழம்பு, சுறாப்புட்டு, பிரசவ லேகியம், உடம்புக்கு எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றுவது, தூளி, தாலாட்டு எல்லாம் பாட்டியின் ராஜ்ஜியம். அதில் நான் தலையிட மாட்டேன். குழந்தையின் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, மூக்கில் ஊதுவது, கண்ணுக்கு மை, சேனை வைப்பது (பிறந்த குழந்தையின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பது), உரைமருந்து, தெருவில் கூவிக்கொண்டு வரும் கழுதைப்பால், பெற்றவளுக்குத் தண்ணீரைக் குறைப்பது, இவற்றுக்கு எப்போதும் மறுப்புத்தான். ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர ஒரு சொட்டுத் தண்ணீரும் வேண்டாம். இதை வந்த முதல் நாளே, யாரும் எதையும் செய்வதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். பாட்டி சங்கைக் கையில் எடுத்த பிறகு சொன்னால் அது அவமானமாகிவிடும். கூடவே பாட்டிக்கு ஒரு வேலையைக் கையில் கொடுத்துவிடுவேன்: பால் குடித்த பிள்ளையைத் தோளில் போட்டு முதுகைத் தட்டுவது, ஊசி நாட்களை நினைவு வைப்பது. பிறந்ததும் போடும் பிசிஜி, போலியோ, மஞ்சள் காமாலைத் தடுப்பூசி முடிந்தால் அடுத்தது 6, 10, 14 வாரங்களில். எனக்குத் தெரிந்த பாட்டி யாரும் இந்தக் கணக்கைத் தவறவிட்டதில்லை.

உங்கள் உடம்புச் சுத்தமும் தொழிலின் பகுதி. நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். சளி பிடித்தால் அன்றைக்குப் போகக் கூடாது, சம்பளம் போனாலும். நாயை நடத்திவிட்டு வந்தால் சோப்புப் போட்டுக் கழுவி, உடுப்பு மாற்றிய பிறகுதான் பச்சைக் குழந்தையைத் தொட வேண்டும். கைக்குழந்தைக்குத் தொண்டையில் அடைத்துக்கொண்டால் குப்புறப் பிடித்து முதுகில் ஐந்து தட்டு, திருப்பி நெஞ்சில் ஐந்து அழுத்து என்பதை ஒரு முதலுதவிப் பயிற்சியில் பொம்மையை வைத்துச் செய்து பழகிக்கொள்ளுங்கள். படித்து மட்டும் தெரிந்துகொண்டது அந்த நேரத்தில் கைக்கு வராது.

நாய் விஷயத்தில் என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். திருநகர்ப் பக்கம் ஒரு வீடு. தவழும் குழந்தை, நாலு வயசில் மூத்த பெண், ஒரு நாட்டு நாய். தட்டுப் பக்கம் யார் வந்தாலும் நாய் உறுமும். வீட்டுத் தாத்தா பேப்பரைச் சுருட்டி அடிப்பார். ஒரு வாரத்தில் உறுமல் நின்றது. "திருந்திடுச்சு" என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு மத்தியானம் அந்தப் பெண் நாயின் சாக்குப் பக்கம் விழுந்த பந்தை எடுக்கக் குனிந்தாள். சத்தமே இல்லாமல் ஒரு கடி. முழங்கைக்குக் கீழே இரண்டு பல் பதிந்து ரத்தம் வந்துவிட்டது. பாட்டி காப்பித்தூள் டப்பாவோடு ஓடி வந்தார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, பிள்ளையைக் குழாயடிக்குத் தூக்கிப் போய்ச் சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில், கடிகாரத்தைப் பார்த்து 15 நிமிஷம் கழுவினேன். அவள் கதறியது இன்னும் காதில் இருக்கிறது. நாய்க்கு ஊசி போட்டிருந்தும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போனோம். காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற உடனடிப் பாதுகாப்பு ஊசி, அன்றே முதல் தடுப்பூசி, அந்த நாளை 0 என்று கணக்கு வைத்து 3, 7, 28ஆம் நாட்களில் மற்ற தடுப்பூசிகள். அரசு ஆஸ்பத்திரியில் இது இலவசம். வெறிநாய்க்கடி நோயின் அறிகுறி தொடங்கிவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை. அதனால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

"கிட்டே வராதே" என்று சொல்லத்தான் நாய் உறுமுகிறது. அடி வாங்கிய நாய் சொல்வதை நிறுத்திக்கொண்டது, பயம் அப்படியே இருந்தது. அன்றிலிருந்து உறுமும் நாயை யாரும் அடிக்க நான் விடுவதில்லை. அது எதற்கு உறுமுகிறதோ அதை விலக்குவேன். உறுமலுக்கு முன்னாலேயே அது சொல்கிறது: தூக்கம் வராத நேரத்திலும் கொட்டாவி விடும், உதட்டை நக்கும், முகத்தைத் திருப்பிக்கொண்டு கடைக்கண்ணின் வெள்ளை தெரியப் பார்க்கும், உடம்பு விறைக்கும். இந்த நாலையும் மூத்த பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள். அதுவும் பாடம்தான், பிள்ளைகள் மிக வேகமாகப் படித்துக்கொள்ளும் பாடம்.

வருமானம் பற்றிச் சுருக்கமாக. வேலைக்கு இவ்வளவு என்று மூன்று கட்டணம் வைக்காதீர்கள், நேரத்துக்கு வாங்குங்கள். காலை ஏழு முதல் பதினொன்று வரை ஒரு வேளை. ஒரு சமயத்தில் ஒரே ஒரு பிரசவ வீடு. மாலை ஆறு மணி எப்போதும் போல உங்கள் எட்டுப் பிள்ளைகளுக்கு. என்னென்ன செய்வீர்கள், எதைச் செய்ய மாட்டீர்கள் (வீடு முழுக்கச் சமையல், எல்லோருக்கும் துணி துவைப்பது), லீவு நாள் எது என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். "நம்ம பொண்ணுதானே, பார்த்துக் குடுக்கலாம்" என்று சொல்வார்கள், அன்போடுதான் சொல்வார்கள். அப்போதும் தாளை எடுங்கள். கடன் வாங்க வேண்டிய தொழில் இல்லை இது. சிறு தொழிலுக்கான அரசின் உத்யம் பதிவு இணையத்தில் இலவசம், அதை மட்டும் செய்துவையுங்கள். பிறர் வீட்டுச் சாவியும் பிள்ளையும் உங்கள் கையில் வருவதால் காவல்துறைச் சரிபார்ப்புச் சான்றும் எடுத்துவிடுங்கள். நாய்களோடு தொடர்ந்து பழகுவதால் முன்கூட்டியே போட்டுக்கொள்ளும் வெறிநோய்த் தடுப்பூசி பற்றி உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

எதிர்வீட்டு அக்காவிடம் இந்த வாரமே பேசுங்கள், பிரசவம் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். பிக்மி எண் (கர்ப்பத்தை அரசிடம் பதிந்ததும் தரும் எண்) வாங்கிவிட்டாரா என்று கேளுங்கள். பிறப்புச் சான்றிதழுக்கும், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் 18,000 ரூபாய் உதவிக்கும் அது வேண்டும். நாயின் ஊசிச் சீட்டை வாங்கிப் பாருங்கள். வெறிநோய் ஊசி மூன்று மாதக் குட்டியில் தொடங்கி வருஷா வருஷம் போட்டிருக்க வேண்டும். விட்டுப்போயிருந்தால் தல்லாகுளம் கால்நடை மருத்துவமனைக்கு இப்போதே கூட்டிப்போய், குடல்புழு மருந்தும் உண்ணி மருந்தும் சேர்த்து வாங்கிவிடுங்கள். சிப்பிப்பாறை முயல் வேட்டைக்கு வளர்த்த இனம். ஓடாவிட்டால் அதற்கு நிம்மதி கிடையாது, மாடியில் கட்டினால் குரைத்தே பச்சை உடம்புக்காரியின் தூக்கத்தைக் கெடுக்கும். காலை ஏழு மணிக்கு முன்னால் நடத்த அந்த வீட்டு ஐயாவைப் பழக்குங்கள். நம்மூர் வெயிலில் அதற்கப்புறம் தார் ரோட்டில் புறங்கையை ஏழு நொடி வைக்க முடிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நாயை இறக்க வேண்டும்.

நாய் படுக்கும் இடத்தை மாற்றுவதானால் இப்போதே மாற்றிவிடுங்கள், குழந்தை வந்த அன்றைக்கு மாற்றினால் அதற்கும் குழந்தைக்கும் முடிச்சுப் போட்டுக்கொள்ளும். கைக்குழந்தை அழும் சத்தத்தை போனில் மெதுவாக வைத்து, அது சோறு தின்னும்போது கேட்கவிடுங்கள். பிரசவமான அன்று, குழந்தையைச் சுற்றியிருந்த துணி ஒன்றை ஆஸ்பத்திரியிலிருந்து வாங்கி வந்து அந்த நாய் மோந்து பார்க்கக் கொடுங்கள். வீட்டுக்கு வரும்போது குழந்தையை வேறு யாராவது வைத்திருக்கட்டும். அக்கா வெறுங்கையோடு முதலில் உள்ளே போய் மகனைக் கட்டிக்கொள்ளட்டும், நாயையும் பெயர் சொல்லிக் கூப்பிடட்டும். அவர்கள் இரண்டு பேரும் அவளைப் பார்த்து எத்தனை நாளாகியிருக்கும். அதற்கு ஒரு பத்து நிமிஷம் கொடுத்துவிட்டு, அப்புறம் குழந்தையை உள்ளே கொண்டுவாருங்கள்.